வாக்கும் ஓர் அமானிதமே: முன்கூட்டி வாக்களிக்கக்கூடியவர் யார், பத்திரமாக வாக்களிப்பது எவ்வாறு?



 

2019ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. புத்தளத்தில் வாழ்ந்துகொண்டு மன்னார் மாவட்டத் தேருநர் இடாப்பில் பெயர் கொண்டிருந்த எமது மக்கள், நூற்றுக்கு மேற்பட்ட பேருந்துகளில் மன்னாரை நோக்கிப் புறப்பட்டனர். வாக்களிப்பு ஆரம்பிப்பதற்கு முன்னரே, அநுராதபுரம் மாவட்டத்துத் தந்திரிமலைப் பகுதியில் பாதையின் குறுக்கே டயர்கள் எரிக்கப்பட்டிருந்தன. பேருந்துகள் மீது கற்கள் வீசப்பட்டன. துப்பாக்கிப் பிரயோகமும் நடந்தது. அல்லாஹ்வின் அருளால் உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. பேருந்துகள் தொடர்ந்து பயணிக்கப் பொலிஸார் பாதுகாப்பளித்தனர்.

ஒரு புள்ளடி இடுவதற்காகப் பெண்களும் முதியோரும் இரவோடிரவாக மாவட்டங்களைக் கடந்து செல்ல நேர்ந்தது ஏன்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், விடத்தல்தீவு, முசலிப் பகுதிக் கிராமங்கள் ஆகியவற்றின் மக்கள் ஊரையும் உடைமையையும் விட்டு அகன்றனர். மன்னார்த் தீவினரில் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அவ்வாறு வெளியேற்றப்பட்டனர். உடல் புத்தளத்திலும் பெயர் மன்னாரிலுமாக வாழும் நிலை அன்றுதான் எமக்கு ஏற்பட்டது. பிற்காலத் தேர்தல்கள் பலவற்றில் புத்தளத்திலேயே கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டு, இடம்பெயர்ந்தோர் தத்தமது சொந்தத் தொகுதிக்கான வாக்குகளை அங்கு அளித்தனர். அந்த ஏற்பாடு இல்லாதவிடத்துப் பேருந்துப் பயணமே வழியாகிறது.

இச்சம்பவத்துக்குப் பின்னர் இளைஞர் பலர் கேட்கும் கேள்வி நியாயமானதே: "தேர்தல் தினத்துக்கு முன்னதாகவே, இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்க எமக்கு வழியில்லையா?" வேறு நாடுகளில் அத்தகைய வழிகள் உள்ளன. கடலுக்கு அப்பால், இராமேசுவரம் தெரியும் அத்தொலைவில், இந்தியாவின் 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைக் கடந்தோர் விரும்பி விண்ணப்பித்தால் அதிகாரிகள் அவர்களது வீட்டுக்கே வந்து வாக்கைப் பெற்றுச் சென்றனர். எமது நாட்டிலோ பொதுமக்களுக்கான முன்கூட்டிய வாக்களிப்பு என்பது இல்லை. தேர்தல் தினத்துக்கு முன்னர் வாக்களிக்கும் ஒரே முறை தபால் மூல வாக்களிப்பாகும். அதுவும் சட்டம் குறிப்பிடும் சிலருக்கு மாத்திரமே உரியது.

அரச உத்தியோகத்தர், பாடசாலை ஆசிரியர், பொலிஸார், முப்படையினர், இலங்கைப் போக்குவரத்துச் சபை, புகையிரதம், தபால் ஆகிய சேவைகளைச் சேர்ந்தோர் என, கடமையின் காரணமாகத் தமது வாக்களிப்பு நிலையத்துக்குச் செல்ல முடியாதவர்களே தபால் மூலம் வாக்களிக்கத் தகுதியுடையோர். 2024 ஜனாதிபதித் தேர்தலில் இவ்வாறு தகுதி பெற்றோர் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டவராவர். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் குறித்த திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் விண்ணப்பம் ஏற்கப்படாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டவரின் வாக்குச்சீட்டு அவரது அலுவலகத்துக்கு வந்து சேரும். அறிவிக்கப்பட்ட தினங்களில், அத்தாட்சிப்படுத்தும் அலுவலரின் முன்னிலையில், ஆனால் எவரும் காணாதவாறு, அவர் அதனை அடையாளமிட்டு உறையிலிட்டு ஒட்டிக் கையளிக்க வேண்டும். 2025 மே 6ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சி மன்றத் தேர்தலுக்கு ஏப்ரல் 24, 25, 28, 29 ஆகிய தினங்களில் தபால் வாக்குகள் பெறப்பட்டன. தபால் வாக்குக்கு அனுமதி பெற்றவர் பின்னர் மனம் மாறி வாக்களிப்பு நிலையத்துக்குச் சென்று வாக்களிக்க இயலாது.

இவ்விடத்தில் உத்தியோகம் பார்க்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. அலுவலகத்தில் மேலதிகாரியோ சக ஊழியரோ "யாருக்குப் போட்டீர், காட்டும்" என்று கேட்டால் மறுப்பது உங்கள் உரிமை மாத்திரமல்ல, கடமையுமாகும். அடையாளமிட்ட வாக்குச்சீட்டைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவது வீரமன்று, அது குற்றம். தான் மறைக்க வேண்டியதைத் தானே பகிரங்கப்படுத்தியவனை எந்தச் சட்டம்தான் காப்பாற்றும்?

ஆனால், இந்த வட்டத்துக்கு வெளியே நிற்போர்தான் எம்மில் அதிகம். கொழும்பில் கடைகளில் பணிபுரியும் மன்னார் இளைஞர், வெளியூர் மத்ரஸாக்களில் ஓதும் மாணவர், கற்பிட்டியிலிருந்தும் சிலாவத்துறையிலிருந்தும் கடலுக்குச் செல்லும் மீனவர், நோயாளர், கர்ப்பிணித் தாய்மார் ஆகிய எவருக்கும் தபால் வாக்கு இல்லை. வளைகுடா நாடுகளில் உழைக்கும் எமது சகோதரர்களுக்கும் அங்கிருந்து வாக்களிக்கும் வாய்ப்பு 2025 முடியும் வரை ஏற்படுத்தப்படவில்லை. ஆகவே எமக்கு முன்கூட்டி என்பது வாக்கில் இல்லை, ஆயத்தத்தில்தான் உள்ளது. அந்த ஆயத்தம் தேர்தல் அறிவிக்கப்பட்ட பின்னர் ஆரம்பிப்பதன்று. அப்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

முதலாவது ஆயத்தம் பெயர் பதிவாகும். ஆண்டுதோறும் தேருநர் இடாப்பு மீளாய்வு செய்யப்படுகின்றது. கிராம அலுவலர் மூலம் பீ.சீ. படிவம் வீட்டுக்கு வரும். அல்லது நாமே தேடிச் சென்று பெறலாம். 2021இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி பெப்ரவரி 1ஆம் திகதியே தகைமைத் திகதியாகும். அதன் பின்னர் 18 வயதை அடையும் பிள்ளைகளையும் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க விடாது துணை இடாப்புகளில் சேர்க்க அதே திருத்தம் வழிவகுத்தது. பெற்றோர்களே, பரீட்சை விண்ணப்பத்தின் கடைசித் திகதியை மறவாதிருக்கும் நாம், பிள்ளையின் பெயர் இடாப்பில் ஏறியதா என்று பார்ப்பதில்லை. கிராம அலுவலர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் இடாப்பு காட்சிக்கு வைக்கப்படும் காலத்தில், வீட்டில் ஒருவர் சென்று எல்லாப் பெயர்களையும் பார்த்து வரட்டும். பெண் பிள்ளைகளின் பெயர்களே அதிகம் விடுபடுகின்றன. திருமணமாகிச் சென்ற வீட்டிலும் இல்லை, பிறந்த வீட்டிலும் இல்லை என்று அவர்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடுகிறார்கள்.

எங்கே பதிவது என்பதுதான் எம்மவருக்குரிய கடினமான கேள்வி. "மன்னாரில் பெயரை எடுத்துவிட்டால் காணியும் போய்விடும், மீள்குடியேற்றமும் போய்விடும்" என்ற அச்சம் முதியோரிடம் உண்டு. அதனை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. விரட்டப்பட்ட மனிதனுக்கு இடாப்பிலுள்ள பெயர்தான் ஊரோடு எஞ்சிய கயிறாக இருந்தது. அந்த நியாயத்தை உணர்ந்துதான், யுத்தத்தால் இடம்பெயர்ந்தோர் தமது முந்திய வதிவிடத்தில் பதிவு செய்ய 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் குறித்த காலத்துக்கு இடமளித்தது. ஆயினும் காணி உரிமை என்பது உறுதியாலும் அனுமதிப்பத்திரத்தாலும் நிலைநாட்டப்படுவது. தேருநர் இடாப்பு காணி உறுதியாகாது. புத்தளத்தில் பிறந்து, அங்கேயே கற்று, அங்கேயே தொழில் செய்யும் பிள்ளை எந்த ஊர்ப் பிரதிநிதியிடம் தன் குறையைச் சொல்லப் போகின்றான் என்பதைக் குடும்பம் அமர்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். மீண்டும் மன்னாருக்குச் சென்று வாழும் எண்ணமுடையோர், வீடு கட்டி வாழ்வோர், அங்கே உண்மையான வதிவிடத்தைக் காட்டிப் பதியட்டும்.

எவ்வாறாயினும் இரண்டு இடங்களில் பெயரை வைத்திருப்பதும், வராதவரின் பெயரிலும் மரணித்தவரின் பெயரிலும் வாக்களிப்பதும் சட்டத்திலும் குற்றம், மார்க்கத்திலும் குற்றம். பெரும் பாவங்களைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறிக்கொண்டிருந்தபோது, சாய்ந்திருந்தவர்கள் எழுந்து அமர்ந்து, பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். நிறுத்த மாட்டார்களா என்று தோழர்கள் எண்ணும் அளவுக்கு அதனைக் கூறினார்கள் என அபூபக்ரா (ரழி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இன்னொருவராக நடித்து வாக்குச்சீட்டைப் பெறுவது பொய்ச் சாட்சியமின்றி வேறென்ன? உங்கள் பெயரில் வேறு எவரேனும் ஏற்கெனவே வாக்களித்திருப்பதைக் கண்டால் சத்தமிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வாக்களிப்பு நிலையத்தின் தலைமை தாங்கும் அலுவலரிடம் முறையிட்டுப் பிரகடனம் செய்து, வேறொரு வாக்குச்சீட்டில் உங்கள் வாக்கைப் பதிய சட்டம் இடமளிக்கின்றது.

அடுத்தது பயணம். வாக்காளரை வாக்களிப்பு நிலையத்துக்கு ஏற்றி இறக்குவது வேட்பாளருக்கும் கட்சிக்கும் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. 2019இல் ஓடிய பேருந்துகளுக்கான செலவு பின்னர் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணை வரை சென்றது என்பதையும் நாம் மறக்கலாகாது. இலவசப் பேருந்தில் ஏறும் ஏழைத் தாயைக் குறை கூற முடியாது. அவளுக்கு வேறு வழியில்லை. ஆனால் வழியுள்ளவர்கள் தம் செலவில், சிறு குழுக்களாக, தேர்தல் தினத்துக்கு முன்னைய நாள் பகலிலேயே சென்று உறவினர் வீட்டில் தங்கிவிடுவதே பாதுகாப்பானது. கொடி, கோஷம், கட்சி நிறத்து ஆடை எதுவும் வேண்டாம். பெருந்தொகையாகப் பயணிக்க நேர்ந்தால் பள்ளிவாசல் நிருவாகம் புத்தளம், மன்னார் மாவட்டங்களின் தேர்தல்கள் அலுவலகத்துக்கும் பொலிஸாருக்கும் பாதையையும் நேரத்தையும் எழுத்து மூலம் அறிவித்துப் பாதுகாப்புக் கோரட்டும். கொத்தணி வாக்களிப்பு நிலையம் வேண்டுமெனின் அக்கோரிக்கையும் அவ்வாறே, வேட்புமனுக் காலத்துக்கு முன்னரே, பெயர்ப் பட்டியலுடன் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்குச் செல்ல வேண்டும். அரசியல்வாதி பெற்றுத் தருவார் என்று காத்திருந்தால் அது அவரது சலுகையாகிவிடும். நாமே கேட்டால் எமது உரிமையாக இருக்கும்.

தனியார் நிறுவனத்தில் தொழில் செய்வோர் விடுமுறைக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். வேதனம் வெட்டப்படாது குறைந்தபட்சம் நான்கு மணித்தியால விடுமுறை வழங்கத் தொழில்தருநர் சட்டப்படி கடமைப்பட்டவர். தூரத்தைக் கணக்கிற்கொண்டு வழங்க வேண்டிய விடுமுறையையும் தேர்தல்கள் ஆணைக்குழு அறிவித்துள்ளது. 40 கிலோமீற்றருக்குக் குறைவெனில் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150க்கு மேற்பட்டால் இரண்டு நாள். கொழும்பிலிருந்து மன்னாருக்கு வரும் இளைஞனுக்கு இரண்டு நாட்கள் உரியன. பல முதலாளிமார், எம்மவர் உட்பட, இதனை அறிந்தும் அறியாதவர் போல் இருக்கின்றனர்.

வாக்காளர் அட்டை தபாலில் வந்து சேரும். அது தொலைந்தாலும் இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம்; ஆனால் அடையாள ஆவணமின்றி வாக்களிக்க இயலாது. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் முதலியவை ஏற்கப்படும். எதுவும் இல்லாதவர் கிராம அலுவலர் ஊடாகத் தேர்தலுக்கான தற்காலிக அடையாள அட்டையை முன்கூட்டியே பெறலாம். முகம் மூடும் வழக்கமுள்ள சகோதரிகள் ஆளடையாளத்தை உறுதிப்படுத்த முகத்தைக் காட்ட வேண்டியிருக்கும். சாட்சியம் போன்ற தேவைகளுக்காக முகத்தைத் திறப்பதற்கு எமது ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் அனுமதியளித்துள்ளமையால் இதில் மனச்சங்கடம் வேண்டியதில்லை. பெண் அலுவலர் இருப்பின் அவரிடம் காட்டக் கோரலாம். உமர் (ரழி) அவர்களுக்குப் பின்னர் கலீபாவைத் தெரிவு செய்யும் பொறுப்பை ஏற்ற அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள், மதீனாவில் திரைக்குப் பின்னாலிருந்த பெண்களிடமும் கருத்துக் கேட்டதாக இப்னு கஸீர் (ரஹ்) எழுதியுள்ளார்கள். கணவனோ தந்தையோ கட்டளையிட்டபடி புள்ளடியிடும் பொறியாக ஒரு பெண்ணை ஆக்குவது அந்தப் பாரம்பரியத்துக்கு ஒவ்வாதது.

பார்வையற்றோரும் வலது குறைந்தோரும், 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தாம் விரும்பும் உதவியாளர் ஒருவரை அழைத்துச் செல்லலாம். அதற்குரிய சான்றிதழை முன்னரே பெற்றிருத்தல் அவசியம். உதவியாளர் வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருத்தலாகாது.

நிலையத்தினுள் கைத்தொலைபேசிக்கு இடமில்லை. வாக்குச்சீட்டைப் பெற்றதும் ஆறுதலாக வாசியுங்கள். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் 6,67,240 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அதற்கு இரு மாதங்கள் முன்னர் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் 3,00,300. இவர்கள் வாக்களிக்க வராதவர்கள் அல்லர். வரிசையில் நின்று, மையும் பூசிக்கொண்டு, வெறுங்கையுடன் திரும்பியவர்கள். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு உரியவை ஆறு ஆசனங்கள். அங்கு சில நூறு வாக்குகளும் பெறுமதியானவை.

தவறு பெரும்பாலும் தேர்தல்களைக் குழப்பிக்கொள்வதால் நேர்கின்றது. ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மாத்திரம் வாக்களிப்பதாயின் அவரது பெயருக்கு எதிரே 1 என்றோ புள்ளடியோ இடலாம். விருப்பத் தெரிவும் அளிப்பதாயின் 1, 2, 3 என இலக்கமிட வேண்டும். இருவருக்குப் புள்ளடியிட்டால் சீட்டு செல்லாது. பொதுத் தேர்தலில் முதலில் கட்சி அல்லது சுயேச்சைக் குழுவுக்கு ஒரே ஒரு புள்ளடி. அதன் பின்னரே அதே பட்டியலின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாத விருப்பு வாக்கு. கட்சிக்குப் புள்ளடியிடாது இலக்கங்களுக்கு மாத்திரம் இட்டால் அனைத்தும் வீண். மன்னார் நகர சபை, முசலிப் பிரதேச சபை போன்றவற்றுக்கான தேர்தலில் விருப்பு வாக்கு என்பதே இல்லை. ஒரு புள்ளடியுடன் முடிந்துவிடும். கைதவறிப் பிழை விட்டால் பெட்டியில் போடுவதற்கு முன்னர் அலுவலரிடம் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டுக் கேளுங்கள். அடையாளம் வெளியே தெரியாதவாறு மடித்து, உங்கள் கையாலேயே பெட்டியில் இடுங்கள்.

வாக்குக்காகப் பணமோ அரிசிப் பொதியோ வீட்டுக் கூரைத் தகடோ பெறுவது இலஞ்சமாகும். இலஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளதை நாம் மிம்பரில் அடிக்கடி கூறுகிறோம். தேர்தல் காலத்தில் மாத்திரம் அதனை நன்கொடை என்று அழைக்கிறோம். சில ஊர்களில் குர்ஆன் மீது கைவைத்துச் சத்தியம் வாங்குவதாகவும் கேள்விப்படுகிறோம். வாக்காளரைப் பயமுறுத்துவதில், உலகியல் தீங்கை மட்டுமன்றி ஆன்மிகத் தீங்கைக் காட்டி அச்சுறுத்துவதையும் 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் குற்றமாகக் கொள்கின்றது. ஆகையால் "இன்னாருக்கு வாக்களிக்காதவன் பாவி" என்று பேசும் ஆலிமும் அச்சட்டத்தின் கீழ் வருகிறார். இது எமது தரப்பினருக்கும் சேர்த்தே கூறுவது. நிர்ப்பந்தித்து வாங்கப்பட்ட சத்தியம் ஷாபிஈ மத்ஹபில் நிறைவேறாது. நிர்ப்பந்தமின்றிச் சத்தியம் செய்துவிட்டு, பின்னர் வேறொருவரே தகுதியானவர் எனக் கண்டவர், அந்தச் சிறந்ததையே செய்து சத்தியத்துக்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்பது ஹதீஸின் வழிகாட்டல். ஸூரத்துல் மாயிதாவின் 89ஆம் வசனம் வகுத்தபடி பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது அல்லது உடையளிப்பது, இயலாதவிடத்து மூன்று நோன்பு நோற்பது என அப்பரிகாரம் அமையும். யாருக்கு வாக்களித்தோம் என்பது பெட்டிக்கும் எமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது. கேட்போரிடம் மௌனம் காப்பது பொய்யாகாது.

இறுதியாக, தேர்தல் முடிந்த மாலையில் தொலைபேசியில் அதிகம் வரும் கேள்வி ஒன்று: விரலில் பூசிய மை நாட்கணக்கில் அழியாதிருப்பதால் வுழூ நிறைவேறுமா? நீரைத் தடுக்கும் படலம் இருந்தால்தான் வுழூவுக்குத் தடை. நிறம் மாத்திரம் தங்கினால் அது மருதாணிச் சாயத்தைப் போன்றதே, தடையாகாது. தேர்தல் மை தோலில் ஊறிக் கறையாக நிற்பது. காய்ந்தபின் விரல்மீது தடிப்பாகப் படிந்திருப்பது ஏதும் இருந்தால் அதனைத் தேய்த்து நீக்கிவிட்டு, எஞ்சும் கறையைப் பற்றிக் கவலையுறாது வுழூச் செய்து அஸரைத் தொழுதுகொள்ளுங்கள்.